வெடக்கோழி முட்டைக்கு வரும் காலம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கோழியைப் பற்றித்தான். தை, மாசியில் குஞ்சு வாங்கியவர்கள் எல்லாரும் இப்போது தினமும் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரே மாதிரி கேட்டிருந்தவர்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வண்டியில் கொண்டுவந்து விற்றவரிடம் ஆறு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கினோம். ஐந்தாம் மாதம் முட்டை வைக்கும் என்று சொன்னார். ஐந்து மாதம் தாண்டிவிட்டது, தின்கிறதே தவிர முட்டையைக் காணோம். கோழியில் ஏதாவது குறையா?
– வாசகி, பெருந்துறை

கோழியில் குறை இல்லை அம்மா, அவர் சொன்ன கணக்கில்தான் குறை. ஐந்து மாதம் என்பது நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் வளரும் வெள்ளை லெகார்ன் வகைக் கோழிக்குச் சரி. அது 18 முதல் 20 வாரத்துக்குள் முட்டைக்கு வந்துவிடும், ஏனென்றால் அது தலைமுறை தலைமுறையாக முட்டைக்கென்றே பொறுக்கி எடுத்து உருவாக்கிய இனம், போதாததற்குத் தீவனத்தையும் வெளிச்சத்தையும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். கொல்லையில் குப்பையைக் கிளறித் தின்கிற நாட்டுக்கோழிக்கு அந்த அவசரம் கிடையாது. சிறுவிடை என்கிற சின்ன உடம்பு வகை என்றால் ஆறு, ஆறரை மாதம். பெருவிடை, அசில் மாதிரி உடம்பு பெருத்த வகை என்றால் ஏழு மாதம் ஆகும், எட்டு கூட ஆகலாம். கடக்நாத் என்று விற்கிறார்களே, அந்தக் கருங்கோழிக்கும் ஆறு மாதம் வேண்டும்.

இது போக, நாட்டுக்கோழி என்ற பெயரில் விற்பதெல்லாம் நாட்டுக்கோழியும் இல்லை. வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா போன்றவை ஆராய்ச்சி நிலையங்களில் உருவாக்கிய புறக்கடை இனங்கள். முதல் இரண்டும் ஹைதராபாத்திலிருந்து வந்தவை, கிரிராஜா பெங்களூரிலிருந்து வந்தது. அவற்றை வளர்ப்பதில் தப்பே இல்லை, சொல்லப்போனால் கிராமப்பிரியா நம் நாட்டுக்கோழியைவிட முட்டை அதிகமாகவே வைக்கும். விற்பவர் எது என்று சொல்லிவிட்டு விற்கலாம், அவ்வளவுதான். குஞ்சுக்குச் சாயம் பூசி விற்கிறவர்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது என்பது வேறு விஷயம்.

இனம் ஒரே இனமாக இருந்தாலும் ஒரே நாளில் பொரித்த இரண்டு கோழிகள் ஒன்றரை மாத இடைவெளியில் முட்டைக்கு வருவதுண்டு. குஞ்சாக இருக்கும்போது கழிச்சல் வந்து தேறியது, குடற்புழு உள்ளது, பெரிய கோழிகள் விரட்டிவிரட்டி அரைவயிறு தின்றது, இவையெல்லாம் பின்தங்கிவிடும். உடம்பு ஒரு அளவுக்கு வளர்ந்து, கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்த பிறகுதான் கோழி முட்டையைப் பற்றி யோசிக்கும். ஆகவே நாள்காட்டியை மூடி வைத்துவிட்டுக் கோழியைப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆறும் பெட்டைதானா? ஐந்து மாதத்தில் இது நன்றாகவே தெரிந்துவிடும். கழுத்திலும், வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால் முதுகிலும் இறகு நீளமாக, கூராக, மினுமினுப்பாகத் தொங்கினால் அது சேவல். பெட்டைக்கு அந்த இடங்களில் இறகு நுனி வட்டமாக இருக்கும். ஆறு குஞ்சு வாங்கி நான்கு சேவலாக வளர்ந்து நிற்பது நம் ஊரில் புதுக்கதை இல்லை.

முட்டை வைக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? என் பாட்டி கோழியைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார், எனக்கு அந்த வித்தை தெரியவில்லை.
– வாசகர், ஒரத்தநாடு

பாட்டி செய்தது வித்தையும் இல்லை, மந்திரமும் இல்லை, கற்றுக்கொள்ளலாம். முதலில் முகத்தைப் பாருங்கள். வெடக்கோழியின், அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம்பெட்டையின், கொண்டையும் தாடியும் வெளிறிய இளஞ்சிவப்பாக, சிறுத்து இருக்கும். முட்டைக்கு வர இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது கொண்டை பெருத்து, நல்ல செம்பருத்திச் சிவப்பாக மாறும். சினைப்பை வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது. (கோழிக்கு இடது பக்கத்துச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும், வலது பக்கம் வளராமலே நின்றுபோகும்.) கருங்கோழியில் மட்டும் இந்தச் சிவப்பு ஏமாற்றும், அதன் கொண்டையே கறுப்பு கலந்தது.

அடுத்து நடத்தை. அதுவரை கிட்டே போனால் பறந்து ஓடிய கோழி, நீங்கள் குனிந்து முதுகின் மேல் கையைக் கொண்டுபோனதும் இறக்கையைக் கொஞ்சம் விரித்துத் தரையோடு பதுங்கி உட்காரும். சேவலை ஏற்றுக்கொள்ளத் தயார் என்பதற்கான பதுங்கல் அது. சேவலே இல்லாத வீட்டில் உங்கள் கைக்கு அந்த மரியாதை கிடைக்கிறது. இதைப் பார்த்துவிட்டால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் முட்டை வந்துவிடும்.

அப்புறம் சத்தம். காலையில் கேறிக்கொண்டே வீட்டைச் சுற்றும், கட்டிலுக்கு அடியில் போகும், விறகு அடுக்கியிருக்கும் மூலையில் நுழைந்து வெளியே வரும், பழைய கூடைக்குள் ஏறி உட்கார்ந்து வைக்கோலை அலகால் இழுத்துத் தன் மேலேயே போட்டுக்கொள்ளும். இடம் தேடுகிறது. அந்த நேரத்தில்தான் உங்களுக்கு வேலை. ஒரு கூடையிலோ அகலமான மண்சட்டியிலோ பாதிக்கு மணலும் மேலே வைக்கோலும் போட்டு, கொஞ்சம் இருட்டான, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வையுங்கள். உள்ளே ஒரு பழைய முட்டையோ முட்டை மாதிரி உருண்ட வெள்ளைக் கல்லோ வைத்துவிட்டால் இங்கேதான் வைக்க வேண்டும் என்று புரிந்துகொள்ளும். முதல் நான்கைந்து முட்டையை எங்கே வைத்துப் பழகுகிறதோ அந்த இடத்தை அப்புறம் மாற்றுவது பெரும்பாடு. பக்கத்து வீட்டு வைக்கோல்போரில் பழகிவிட்டால் முட்டை அவர்களுக்குத்தான்.

பாட்டி தூக்கிப் பார்த்தது எலும்பை. சாயங்காலம் கோழி அடைந்த பிறகு மெதுவாக எடுத்து, தலையை உங்கள் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, மலத்துவாரத்துக்கு இரண்டு பக்கமும் விரலால் தடவுங்கள். மெல்லிய இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவே ஒரு விரல் நுழைவதே கஷ்டமாக இருந்தால் இன்னும் நாளாகும். இரண்டு விரல் தாராளமாக நுழைந்து, எலும்பும் வளைந்து கொடுத்தால் முட்டைக்கு வந்துவிட்டது அல்லது வரப்போகிறது. நாலைந்து கோழியைத் தடவிப் பார்த்தால் வித்தியாசம் கைக்கே தெரிந்துவிடும். சிறுவிடைக்குச் சின்ன உடம்பு, அதற்குத் தகுந்தாற்போல் கணக்கு வையுங்கள். வயிற்றை மட்டும் அமுக்கிப் பார்க்காதீர்கள், உள்ளே ஓட்டோடு முட்டை இருந்து உடைந்தால் கோழி பிழைப்பது கஷ்டம்.

முதல் முட்டை புறா முட்டை அளவுதான் இருந்தது. இரண்டாவது முட்டையின் மேல் ரத்தக் கீறல். பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

இரண்டுமே சாதாரணம். புதிதாக முட்டைக்கு வந்த கோழியின் முட்டை 25, 30 கிராம்தான் இருக்கும், சில வாரங்களில் 40 கிராமைத் தொடும். ஒரு நாள் மஞ்சள் கருவே இல்லாத குட்டி முட்டை வரும், இன்னொரு நாள் இரட்டைக் கரு வரும், உள்ளே எல்லாம் ஒழுங்குக்கு வரும்வரை இப்படித்தான். முதல் சில முட்டைகளில் பாதை விரியும்போது மெல்லிய ரத்தக்குழாய் கீறி ஓட்டில் சிவப்புக் கோடு விழும். துடைத்துவிட்டுச் சமைக்கலாம். ஆனால் ரத்தம் தொடர்ந்து வந்தாலோ, மற்ற கோழிகள் அதன் பின்பக்கத்தைக் கொத்தினாலோ, அதை உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள். ரத்தத்தைப் பார்த்துவிட்ட கோழிகள் கொத்துவதை நிறுத்தாது.

காலையில் கூட்டில் தோல்முட்டை கிடக்கிறது, தொட்டால் பலூன் மாதிரி இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் குஞ்சிலிருந்தே சுண்ணாம்பு கொடுத்திருக்க வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், விருத்தாசலம்

ஒன்றிரண்டு தோல்முட்டை என்றால் விட்டுவிடுங்கள், புதுக்கோழிக்கு அது வரும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை. ஆனால் அந்த நண்பரின் யோசனை ஆபத்தானது.

ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து இறங்கி முட்டையாக வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது, அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும், அதுவும் பெரும்பகுதி ராத்திரியில், கோழி எதுவும் தின்னாத நேரத்தில். அதனால் இரைப்பையில் மெல்லக் கரையக்கூடிய கிளிஞ்சலைச் சாயங்காலம் தின்றுவிட்டு அடைந்தால் ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்துக்கொண்டிருக்கும். போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். முட்டைக்கு வரும் முன் ஏறக்குறைய இரண்டு வாரம் எலும்புக்குள்ளேயே இதற்கென்று ஒரு சேமிப்பும் வைத்துக்கொள்ளும்.

கிளிஞ்சலை இடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தீவனத்தோடு கலக்க வேண்டாம். தேவையான கோழி தானே வந்து பொறுக்கிக்கொள்ளும். கிளிஞ்சல் கிடைக்காத ஊரில் முட்டை ஓட்டை வெயிலில் நன்றாகக் காயவைத்து நொறுக்கிப் போடலாம். பொடியாக நொறுக்க வேண்டும், பெரிய துண்டாகப் போட்டால் முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிவிடும் என்பார்கள். வெற்றிலைக்குத் தடவும் நீற்றுச் சுண்ணாம்பு வேண்டாம், வாயும் இரைப்பையும் வெந்துவிடும்.

குஞ்சுக்கும் வளரும் கோழிக்கும் ஏன் கூடாது? கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை முதல் நான்கு சதவீதம். வளரும் கோழிக்குத் தேவை ஒரு சதவீதம்தான். மீதியைக் கழிக்கச் சிறுநீரகம் படாதபாடு படும், அதிலேயே செத்துப்போவதும் உண்டு. கொண்டை சிவந்து, பதுங்கத் தொடங்கிய பிறகு தீவனத்தை மாற்றினால் போதும்.

சித்திரை, வைகாசி வெயிலிலும் ஓடு மெலியும். வெயில் தாங்காமல் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடுகிறது, ஓடு கட்டும் சரக்கு அதனால் குறைகிறது. இதற்குக் கிளிஞ்சல் மட்டும் போதாது, நிழலும் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும்.

பன்னிரண்டு முட்டை வைத்தது, திடீரென்று நின்றுவிட்டது. கூட்டைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. நோயா?
– வாசகர், உசிலம்பட்டி

அடைக்கு வந்திருக்கிறது, நோய் எதுவும் இல்லை. நாட்டுக்கோழியின் வழக்கமே இதுதான்: பத்துப் பதினைந்து முட்டை வைக்கும், அடைக்கு உட்காரும், 21 நாளில் பொரிக்கும், குஞ்சோடு இரண்டு மூன்று மாதம் திரியும், மறுபடி முட்டைக்கு வரும். வருஷத்துக்கு 60 முட்டை கிடைத்தாலே நல்ல கோழி. லெகார்ன் 300 வைக்கிறது என்றால் அடைக்கு உட்காரும் குணத்தையே அதிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்றால் அடையைத் தெளிய வைக்கலாம். தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைச் செருகி விடுவது எல்லாம் கிராமத்தில் செய்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அடியில் காற்று புகும் கம்பிக் கூண்டில் வைக்கோல் எதுவும் போடாமல் மூன்று நான்கு நாள் வைத்து, தீவனமும் தண்ணீரும் தாராளமாகக் கொடுங்கள். வயிற்றுச் சூடு தணிந்ததும் தெளிந்துவிடும். கூட்டில் முட்டையைச் சேரவிடாமல் அன்றன்றே எடுத்துவிட்டால் அடைக்கு வருவதே கொஞ்சம் தள்ளிப்போகும்.

இதே கேள்வியைக் கேட்ட வேறு சிலரின் கோழி அடையிலும் இல்லை, கொண்டையும் சிவப்பாகவே இருக்கிறது, ஆனால் முட்டை மட்டும் இல்லை என்கிறார்கள். அவர்கள் வீட்டைச் சுற்றித் தேட வேண்டும். ஒருநாள் காலை பத்து மணிவரை பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி வைத்திருந்துவிட்டுத் திறந்துவிடுங்கள், முட்டை முட்டிக்கொண்டிருக்கும் கோழி நேராகத் தன் இடத்துக்குத்தான் ஓடும், பின்னாலேயே போனால் போதும். அங்கேயும் ஓட்டைக்கூடக் காணோம் என்றால் பாம்பையோ பெருச்சாளியையோ நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டில் ஓடு சிதறி மஞ்சள் ஒட்டியிருந்தால் காக்கை, கீரி, அல்லது உங்கள் கோழியேதான்.

சென்னையில் மொட்டை மாடியில் நான்கு பெட்டை வளர்க்கிறேன். சேவல் வைத்தால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். சேவல் இல்லாமல் முட்டை வைக்குமா? விளக்கு போட்டால் சீக்கிரம் வைக்கும் என்கிறார்களே?
– வாசகர், குரோம்பேட்டை

வைக்கும். சேவல் தேவை குஞ்சுக்குத்தான், முட்டைக்கு இல்லை. சேவல் இல்லாத வீட்டு முட்டை அடையில் வைத்தால் கூமுட்டையாகும், வாணலியில் போட்டால் எந்த வித்தியாசமும் இல்லை.

விளக்கு விஷயம் உண்மைதான். பகல் நீளமாவதைக் கோழி கண்ணாலும் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகும் வெளிச்சத்தாலும் உணர்ந்துகொண்டு முட்டைக்குத் தயாராகிறது, 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் இருந்தால் நன்றாக வைக்கும். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் முட்டை அடியோடு நின்றுபோவது இதனால்தான். நமக்கு அவ்வளவு பிரச்சினை இல்லை, சென்னையில் ஆனி மாதத்துப் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, மார்கழியில் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மார்கழியில் மந்தமானால் சாயங்காலம் ஒரு சின்ன பல்பை இரண்டு மணி நேரம் எரியவிடலாம். நான்கு மாதக் கோழிக்கு விளக்குப் போட்டு முட்டையைப் பிடுங்கப் பார்க்காதீர்கள். உடம்பு வளராத கோழியில் முட்டை சிறுத்துப்போகும், வெளியே வராமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளவும் செய்யும். மாடிக்கு விளக்கைவிட அவசரமாக வேண்டியது பந்தல்.

கருவாடு போட்டால் சீக்கிரம் முட்டை வைக்கும் என்று மாமியார் சொல்கிறார். கடையில் முட்டை டானிக் என்று ஒன்று விற்கிறார்கள். எது நல்லது?
– வாசகி, மணப்பாறை

மாமியார் கட்சிதான் நான். வெறும் அரிசி, நொய், சோற்றுப் பருக்கை தின்கிற கோழிக்குப் புரதம் போதாது, முட்டைக்கு வருவது தள்ளிப்போகும். உப்பு அதிகமில்லாத கருவாட்டுத் தூள், கடலைப் புண்ணாக்கு, கறையான், அசோலா, முருங்கைக் கீரை, எது கையில் கிடைக்கிறதோ அதைக் கொடுங்கள். உப்புக் கருவாடு என்றால் நன்றாக அலசிக் காயவைத்துப் போடுங்கள், உப்பு கோழிக்கு ஆகாது. புண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் வீசிவிடுங்கள். டானிக்குக்குக் கொடுக்கும் காசில் கம்பு வாங்கிப் போடலாம்.

முதல் முட்டைகளை அடை வைக்கலாமா?
– வாசகர், திருவாடானை

வேண்டாம். முட்டை சின்னது, குஞ்சும் சின்னதாக, சோனியாக வரும். ஒரு மாதம் போகட்டும். அதுவரை வருவதை ஆம்லெட் போடுங்கள். அதற்குப் பிறகும் அடை வைக்கச் சேர்க்கும் முட்டையை வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், குளிர்ந்த இடத்தில் மணலிலோ நெல்லிலோ கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள், கழுவக் கூடாது.

முட்டை வைக்கும் கோழிக்குத் தடுப்பூசி போடலாமா? போட்டால் முட்டை நின்றுவிடும் என்கிறார்கள்.
– வாசகி, செஞ்சி

கொஞ்ச நாள் குறையலாம், அதனால்தான் முட்டைக்கு வரும் முன்பே போட்டுவிடச் சொல்கிறார்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு எட்டு வார வயதில் ஒரு ஊசி, 16 முதல் 18 வாரத்தில் இன்னொன்று. குடற்புழு மருந்தையும் இரண்டாவது ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் முடித்துவிடுங்கள். உங்கள் கோழி ஏற்கெனவே வைக்கத் தொடங்கிவிட்டது, ஊசி போடவே இல்லை என்றால் முட்டையைப் பார்த்துத் தயங்காதீர்கள், கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் கூடே காலியாகிவிடும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மருந்தை வீட்டுக்கு வாங்கிவந்து போடுவதாக இருந்தால் ஐஸ் போட்ட பிளாஸ்க்கை மறக்காமல் கொண்டுபோங்கள், கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். அடைக்கோழிக்கு மட்டும் குஞ்சு பொரித்து முடிக்கட்டும் என்று விட்டுவிடலாம்.